இனி என்ன சாட்டு?

பத்மாசினியிடம் இருந்தது ஒரேயொரு சாட்டு. வரமாட்டேன் என்று நேரே சொல்ல வாய் வராதவர்கள் சொல்லும் காரணத்தைத்தான் எங்கள் பக்கத்தில் சாட்டு என்பார்கள். சிலருக்குத் தலையிடி. சிலருக்கு வீட்டில் விருந்தாட்கள். பத்மாசினிக்கு மாதத்துடக்கு என்கிற வீட்டுவிலக்கு. மாதத்துக்கு ஒருமுறை அது தானாக வரும். தேவைப்பட்டால் அவள் கூப்பிட்டும் வரும்.

தேவைப்படுத்தியவர் மச்சாள். புருஷன் சண்முகநாதனின் மூத்த அக்கா தவமலர்தான் அவளுக்கு மச்சாள். புத்தூரில் அடுத்த ஒழுங்கையில் வீடு, ஆனால் குரல் இந்த ஒழுங்கையிலும் குடியிருந்தது. புகையிலைத் தோட்டத்து மூலையில் அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு வைரவர் இருந்தார். வைரவருக்குப் பொங்கல், மாமாவுக்குத் திவசம், ஆடிப்பிறப்புக்குக் கூழ் என்று எது வந்தாலும் இடித்தலும் அரைத்தலும் சுடலும் மச்சாளின் குசினியில்தான் நடக்கும். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் விடிய வந்து சேர வேண்டும். பத்மாசினிக்கு ஒதுக்கப்பட்ட இடம் எண்ணெய் கொதிக்கும் வடைத் தாச்சி. வைகாசி வெயிலில், விறகடுப்புக்கு முன்னால், பின்னேரம் வரை. நடுநடுவே மச்சாள் வந்து ஒரு வடையைத் தூக்கிப் பார்த்து, "உதென்ன வடையோ, நசிச்ச வாழைப்பழமோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஆண்கள் கோவிலடியில் பந்தலுக்குக் கீழே இருந்து அரசியல் கதைப்பார்கள்.

கலியாணம் கட்டிய வருஷம் வைரவர் பொங்கலன்று அவளுக்கு உண்மையாகவே வந்துவிட்டது. கோவில் காரியத்தில் கை வைக்கக்கூடாது, வீட்டில் இரு என்றார்கள். எல்லாரும் போன பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை. பத்மாசினி தேத்தண்ணி போட்டு ஆறுதலாகக் குடித்தாள், காலை நீட்டிக் கிடந்து பாட்டுக் கேட்டாள், நித்திரையும் கொண்டாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை. அச்சுவேலியில் அவள் வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் வா என்றால் வருவதும் போ என்றால் போவதும்தான் பழக்கம். மாட்டேன் என்ற சொல்லை அங்கே ஆடுமாடு தவிர ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்த வருஷமும் பொங்கலுக்கு அது வந்தது. வந்தது என்று அவள் சொன்னாள். அதைப் பொய் என்று சொல்வது பாவம். திகதியில் கொஞ்சம் முன்பின், அவ்வளவுதான். இந்தச் சாட்டின் பெரிய வசதி, ஒருவரும் மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நடந்துவிடுவார்கள்.

இப்படியே வருஷங்கள் ஓடி, மகள் நிவேதனா மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் போகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, கூப்பிடாமலே வரத் தொடங்கியது. வந்தால் போகாது. கிணற்றடியில் தலை சுற்றியது. முகம் வெளிறி உதட்டில் நிறம் இல்லாமல் போனது. உடம்புக்கு உண்மையாகவே வருத்தம் வந்த நேரம் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் சும்மா சொன்ன வாய்.

சொல்லாமலே கண்டுபிடித்தவர் மச்சாள்தான். "வெளிக்கிடு, டொக்டரிட்டைப் போவம்" என்று ஒரு காலையில் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பெண் டொக்டர், இளம் வயது. மாதம் ஒழுங்காக வருகிறதா என்று பத்மாசினியைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் மச்சாளிடமிருந்து வந்தது.

"எங்கை டொக்டர் ஒழுங்கு! சித்திரை வருசத்துக்கு வந்தது. வைகாசியிலை வைரவர் பொங்கலுக்கு வந்தது. இடையிலை எங்கடை சின்னம்மாவின்ரை திவசத்துக்கும் வந்தது. ஆடிப்பிறப்புக்கு வந்தது, பிறகு பத்து நாளிலை என்ரை பேரனுக்குக் காது குத்தேக்கையும் வந்தது. நவராத்திரிக்கு ஒன்பது நாளும். நல்லூர்த் தேருக்கு மட்டும் ஒருக்காலும் வந்ததில்லை."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "நல்லூர்த் தேருக்கு மட்டும் வாறேல்லையோ?"

"அது முருகன்ரை அருள்" என்றார் மச்சாள்.

நல்லூரில் தேர் பார்த்தால் ஐஸ்கிறீம் உண்டு, வடைத் தாச்சி இல்லை. பத்மாசினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி டொக்டர் மச்சாளை வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதுதான் தாமதம், பத்மாசினி அழத் தொடங்கிவிட்டாள். அழுதழுதே எல்லாவற்றையும் சொன்னாள், முதல் பொங்கலிலிருந்து. டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாஸ்க் உப்பி உப்பி அடங்கியது.

"சரியம்மா, திருவிழாவெல்லாத்தையும் கழிச்சுப்போட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ."

கழித்த பிறகும் நிறையவே மிஞ்சியது. ஸ்கானில் கர்ப்பப்பைக்குள் கட்டிகள் தெரிந்தன: பெரிய தோடம்பழம் அளவில் ஒன்று, சின்னத் தேசிக்காய் அளவில் இரண்டு. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ஆனால் இரத்தம் இப்படிப் போகவிட்டால் உடம்பு தாங்காது, பையோடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டொக்டர். எடுத்த பிறகு மாதத்தொல்லை அடியோடு இல்லை என்று ஆறுதலும் சொன்னார்.

"அடியோடையோ?" என்று கேட்டாள் பத்மாசினி.

"அடியோடை. இனி ஒருநாளும் வராது."

கத்திக்கு அவள் பயப்படவில்லை. மயக்க மருந்துக்கும் பயப்படவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒரே யோசனை: இனி என்ன சாட்டு?

மச்சாள் இறங்கி வீட்டுக்கு வீடு செய்தி சொன்னார். முதல் வீட்டில் தோடம்பழமாக இருந்த கட்டி, சந்தி தாண்டும்போது தேங்காயாகி, ஒழுங்கை முடிவதற்குள் பூசணிக்காயாகிவிட்டது. பின்னேரம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தை.

ஒப்பிரேசனுக்கு முன்னால் இரும்புச்சத்துக் குளிசை, இரத்தப் பரிசோதனை, பிறகு இரண்டு பைந்து இரத்தம் ஏற்றல் என்று நாட்கள் போயின. பத்மாசினி சண்முகநாதனைப் பழக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பாணும் சம்பலும் தெரியும். அதற்கப்பால் குசினி அவருக்கு வெளிநாடு. சோறு வடிக்கக் காட்டினாள், பருப்புக்கு எப்போது பால் விடுவது என்று காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "அக்கா வந்து நிப்பாதானே" என்றார். அதுதான் அவளுக்கும் பயம்.

மாசி மாதம் ஒரு விடியற்காலை, வெறும் வயிற்றோடு, பச்சை உடுப்புப் போட்டு, தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டிலில் கிடந்தாள். கை நரம்பில் ஊசி. மச்சாள் கூடவே ஓடி வந்தார். நெற்றியில் திருநீறு பூசினார். அவருடைய கண்ணில் தண்ணீர். பத்மாசினிக்கும் மனம் இளகியது. எவ்வளவு கத்தினாலும் இந்த மனுசிக்கு என்னில் பட்சம்தான் என்று நினைத்தாள்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதை பிள்ளை. நான் வைரவருக்கு நேர்த்தி வைச்சிட்டன். நீ சுகமாய் வந்தால், வாற பொங்கலுக்கு நூற்றெட்டு வடையிலை மாலை. முழுக்க உன்ரை கையாலை சுட்டு."

பத்மாசினி எழும்பப் பார்த்தாள். அற்றெண்டன் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். "மச்சாள், அது..." என்றாள். கதவு சாத்திவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வயிற்றுக்குள் யாரோ கொதிதண்ணீர்ப் போத்தலை மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. பக்கத்துக் கட்டிலில் குருநகர் லூர்த்தம்மா. அவருக்கும் அதே ஒப்பிரேசன், இரண்டு நாள் முந்தி. மீன் விற்கிற மனுசி, சும்மா கதைத்தாலும் வாட்டு முழுக்கக் கேட்கும். தையலோடு சிரிக்கக்கூடாது என்று, மிசி என்று எல்லாரும் கூப்பிடும் தாதி சொல்லியிருந்தார், ஆனால் லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. பத்மாசினி தலையணையை வயிற்றில் அமத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தும் முனகியும் கிடந்தாள்.

ஒப்பிரேசன் செய்த ஆளுக்குக் காற்றுப் போனால்தான் சாப்பாடு கொடுப்பார்கள். மிசி வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். பார்க்கிற நேரத்தில் சண்முகநாதன் அப்பிளும் கையுமாக வந்து நின்றபோதும் மிசி கேட்டார்: "அம்மா, காத்துப் போச்சுதோ?"

பத்மாசினி வெட்கத்தில் கண்ணை மூடினாள். மச்சாள் முன்னுக்கு வந்து, "இன்னும் இல்லை மிசி, நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்றார். அதைக் கேட்டு அந்த வாட்டே அன்றிலிருந்து பத்மாசினியின் காற்றுக்குக் காத்திருந்தது. அடுத்த நாள் விடிய அது போனபோது லூர்த்தம்மா கைதட்டி, "மாதாவே தோத்திரம்! பிள்ளைக்குக் கஞ்சி குடுங்கோ!" என்று கூவினார். பத்மாசினி சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிட்டதோ என்று மிசி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் தன்னுடைய கவலையை அவள் லூர்த்தம்மாவிடம் சொன்னாள். லூர்த்தம்மாவுக்கு முதலில் விளங்கவேயில்லை. கத்தோலிக்கரான அவர்களுக்குக் கோவிலுக்குப் போக எந்த நாளும் நல்ல நாள்தான்.

"அப்ப ஒரு இடத்துக்குப் போக விருப்பமில்லையெண்டால் என்னெண்டு அக்கா சொல்லுவியள்?"

"வாயாலைதான்" என்றார் லூர்த்தம்மா.

வீட்டுக்கு வந்த அன்றே மச்சாள் தன்னுடைய பாயையும் கறிச் சரக்குப் போத்தல்களையும் கொண்டு வந்து இறங்கினார். கர்ப்பப்பை எடுத்தவளுக்கு என்ன பத்தியம் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதற்கு முன்னால் எடுத்தவர்கள் இல்லை. ஆகவே பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதையே செய்வது என்று மச்சாள் முடிவெடுத்தார். மல்லி மிளகு மஞ்சள் அரைத்துச் சரக்குக் கறி, நல்லெண்ணெயில் முட்டைப் பொரியல், பழைய வேட்டி கிழித்து வயிற்றுக்குக் கட்டு. கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை மச்சாள் ஏற்கவில்லை. "டொக்டருக்கென்ன, சின்னப் பெட்டை. எத்தினை பிள்ளை பெத்தவ?" மச்சாள் குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் பத்மாசினி முற்றத்தில் களவாக நடந்தாள். சண்முகநாதன் கிணற்றுப் பக்கம் காவல் நின்றார்.

துடக்குப் பற்றியும் ஒரு சிக்கல் எழுந்தது. மச்சாள் ஐயருக்கு போன் எடுத்தார். அது வெறும் ஒப்பிரேசன், துடக்கு ஒன்றும் இல்லை என்றார் ஐயர்.

"என்ன ஐயா சொல்லுறியள்! ஒரு பிள்ளை வெளியிலை வந்தாலே முப்பத்தொரு நாள் துடக்கு. இது பையே வந்திட்டுது!"

பிறகு ஐயர், அப்படியென்றால் உங்கள் மனத்திருப்திக்கு முப்பத்தொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தப்பினார். அதற்குள் சிவராத்திரியும் ஒரு திவசமும் அகப்பட்டன. இரண்டுக்கும் பத்மாசினி போகவில்லை. படுக்கையில் கிடந்து, இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் தலை முழுகியதும், சாமி அறையில் விளக்கு ஏற்றிவிட்டு, பார்க்க வந்த சனத்துக்கு முன்னால் மச்சாள் அறிவித்தார்:

"இனி எங்கடை பத்மாசினியைப் போலச் சுத்தமான ஆள் இந்தப் பகுதியிலை இல்லை. மற்றவையளுக்கு நாள் பாக்க வேணும், கிழமை பாக்க வேணும். இவளுக்கு ஒண்டும் இல்லை. எந்த நேரமும் கூப்பிடலாம். சாமிக்குப் படைக்கிற மடைக்குரிய பண்டமெல்லாம் இனி இவள்தான்."

சனம் ஓம் ஓம் என்றது. அது ஒரு பட்டம். பத்மாசினியைக் கேட்காமலே சூட்டிவிட்டார்கள். செய்தி போன வேகத்தில் அழைப்புகள் வந்தன. அச்சுவேலியில் ஒரு திவசம், அரியாலையில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல், பக்கத்து ஒழுங்கைப் பிள்ளையாருக்கு மோதகம். "அக்கா, எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் ஒரே நேரத்திலை வந்திட்டுது, நீங்கள்தான் கை குடுக்கவேணும்" என்று போனில் கெஞ்சினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையாக வந்தது என்று யோசிக்கும்போது பத்மாசினிக்கு ஆத்திரமாக இருந்தது. அந்தத் தொழிலில் அவளுக்கு அனுபவம் உண்டு. ஆனாலும் போனாள். சித்திரை முழுக்கப் போனாள். அவியல், பொரியல், மோதகம். இரவில் இடுப்பு விட்டுப்போகும்.

கடைசி கிளினிக்கில் டொக்டர் தழும்பைப் பார்த்து, "நல்லாய் ஆறிட்டுது, இனி நீங்கள் எல்லா வேலையும் செய்யலாம்" என்றார்.

"டொக்டர், இன்னும் கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக்கூடாதெண்டு ஒருக்கா மச்சாளுக்குச் சொல்லுங்கோவன். வைரவர் பொங்கல் வருது."

"ஒரு வடை எத்தினை கிலோவம்மா?" என்று கேட்டார் டொக்டர்.

பொங்கலன்று காலை சூரியன் வருமுன்னே வாசற்படலை திறந்தது. மச்சாளின் சைக்கிள், ஹாண்டிலில் ஊறவைத்த உழுந்து வாளி. நேர்த்தி வடைக்கு உழுந்து இங்கிருந்தே அரைத்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு.

"வெளிக்கிட்டிட்டியோ? கெதியாய் வா."

பத்மாசினி விறாந்தையில் ஈரத் தலையோடு இருந்தாள். வாயைத் திறந்தாள். "எனக்கு..." என்றாள். இருபத்தைந்து வருஷமாய் அந்த இடத்தில் ஒரு சொல் இருந்தது. இப்போது தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை. தலையிடி என்றால் குளிசை தருவார். வயிற்றுக்குத்து என்றால் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார். மச்சாள் வாளியைப் பிடித்தபடி காத்து நின்றார்.

"எனக்கு வர விருப்பமில்லை, மச்சாள்."

பல் விளக்கிக்கொண்டு நின்ற சண்முகநாதன் பிரஷ்ஷோடு கிணற்றுக்குப் பின்னால் போய்விட்டார்.

மச்சாள் வாளியை நிலத்தில் வைத்தார். "என்ன?"

"விருப்பமில்லை. ஒருக்காலும் விருப்பமிருக்கேல்லை. கலியாணம் கட்டி வந்ததிலையிருந்து." குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "நீங்கள் என்னைப் பாத்தியள், சமைச்சுத் தந்தியள், எல்லாம் தெரியும். நான் அதை மறக்கேல்லை. நேர்த்தி வைச்சது நீங்கள். என்னைக் கேட்டு வைக்கேல்லை. அந்தத் தாச்சிக்கு முன்னாலை இனி என்னாலை இருக்க ஏலாது."

வீடு இடிந்து விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். மச்சாள் மெல்ல வந்து விறாந்தைப் படியில், அவளுக்குப் பக்கத்தில், குந்தினார். முழங்கால் சடக்கென்றது.

"எனக்கு நாப்பது முடிய முன்னம் நிண்டிட்டுது, பிள்ளை. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு ஒரு பொங்கலுக்கும், ஒரு திவசத்துக்கும் நான் வீட்டிலை இருக்கேல்லை. என்ன சொல்லி இருக்கிறது? ஒவ்வொருமுறையும் உனக்கு வந்திட்டுதெண்டு தம்பி வந்து சொல்லேக்கை..." மச்சாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "எனக்கு எவ்வளவு பொறாமையாய்க் கிடக்கும் தெரியுமே? அந்த எரிச்சலிலைதான் வேலைக்கு வாறவளவையைப் பேசித் திண்டது."

இத்தனை வருஷமும் தான் நித்திரை கொண்ட ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அடுப்புக்கு முன்னால் நின்ற ஆளைப் பத்மாசினி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மச்சாளின் முழங்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் நிறைய இருந்தன. அவள் மச்சாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு மச்சாள் எழும்பாமலே, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

"தம்பீ!"

சண்முகநாதன் வாயில் நுரையோடு கிணற்றுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"இந்த வாளியைக் கோவிலடிக்குக் கொண்டுபோ. பந்தலுக்குக் கீழை இருக்கிற எல்லாரையும் எழுப்பு. நூற்றெட்டு வடை. நீங்களே அரைச்சுச் சுடுங்கோ. வைரவருக்கு வடை வந்தால் காணும், ஆர் சுட்டதெண்டு அவர் கேக்கமாட்டார்."

"நாங்களோ?" அவர் நுரையை விழுங்கிவிட்டார். அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் அக்கா? ரெண்டு பேருக்கும் என்ன, ஏதும் வருத்தமோ?"

"ஒரு வருத்தமும் இல்லை" என்றார் மச்சாள். "விருப்பமில்லை."

சண்முகநாதன் அசையாமல் நின்றார், மிச்சக் காரணத்தையும் சொல்வார்கள் என்று பார்த்து. ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் வாளியைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து போனார்.